விடிகாலை முதல் கேன்

எங்கள் மலைச்சரிவின் ஊற்றுக்கு இத்துங்குதான் பொறுப்பு. மாலையில் குழாயைப் பூட்டி, விடியும்போது திறப்பார். வரிசையில் யார் முன்னால் நின்றாலும் முதல் கேன் கைக்குழந்தைக்காரிக்குத்தான். யாரும் தொடாத தண்ணீர் அவளுக்குப் போகவேண்டும் என்பது எங்கள் வழக்கம்.

பாறையிலிருந்து மண்ணுக்கடியில் வந்த பழைய குழாய் உடைந்துபோய், இத்துங்குவின் கணவர் பலுக்கு வேறொன்றைப் பதித்திருந்த சமயம் அது. மழைக்காலம் முழுவதும் அந்த முதல் கேன் பீராவின் வீட்டுக்குப் போனது. அவளுடைய மகன் கூலேவுக்குக் கேழ்வரகுக் கஞ்சி அதில்தான் வெந்தது.

மூடிப்போன செம்புச் சுரங்கத்துக்குக் கீழே இருக்கும் ஊர்களில் குழந்தைகளுக்கு ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். எங்கள் ஊரில் கூலேவுக்கு மட்டும் ஈயம் அதிகமாக இருந்தது. அப்படியே விட்டால் மூளை வளர்ச்சி கெடும் என்றார் நர்ஸ் கட்டுசாபே. அன்று இத்துங்கு சாப்பிடவில்லை.

நண்பகலில் எடுத்த குழாய்த் தண்ணீர் சுத்தமாக இருந்தது.

"பாத்தியா, நம்ம தண்ணி தப்பு பண்ணாது" என்றார் பலுக்கு.

நர்ஸ் விடவில்லை. "பீரா எப்ப தண்ணி புடிப்பாங்க?"

"பொழுது விடிஞ்சதும். மொதக் கேனே அவளுக்குத்தான்" என்றார் இத்துங்கு.

மறுநாள் நர்ஸ் இருட்டோடு வந்து அந்த முதல் தண்ணீரைப் பிடித்துக்கொண்டார். ஊற்று சுரக்கும் பாறைக்கண்ணிலிருந்தும் கொஞ்சம் எடுத்துக்கொண்டார். பாறைத் தண்ணீரில் ஒன்றுமில்லை. முதல் தண்ணீரில் ஈயம் இருந்தது. பாறைக்கும் குழாயடிக்கும் நடுவே மண்ணைத் தோண்டினோம். சாம்பல் நிறத்தில் ஒரு குழாய் வந்தது.

"இத எங்க புடிச்சீங்க, அண்ணா?" என்று கேட்டார் நர்ஸ்.

"சுரங்கத்துல கெடந்துச்சும்மா. நடுவுல இணைப்பே போடாம எப்படி வளைஞ்சுருக்கு பாருங்க!" என்றார் பலுக்கு.

"வளையாம என்ன செய்யும்? முழுக்க ஈயம்."

இத்துங்கு மண்ணில் உட்கார்ந்துவிட்டார். "ராப்பூரா இதுக்குள்ள நின்ன தண்ணியத்தானே அந்தப் புள்ளைக்கு எடுத்து எடுத்துக் குடுத்தேன்."

அன்றே அதைப் பிடுங்கிப்போட்டு பிளாஸ்டிக் குழாய் பதித்தார்கள். ஊற்று பிழைத்தது. பிள்ளை என்ன ஆவான் என்பதுதான் தெரியவில்லை. பீரா வரும் வழியில் நடப்பதையே இத்துங்கு நிறுத்திவிட்டார். கடைசியில் பீராவே வாசலில் வந்து நின்றாள்.

"என்னக்கா, பேயப் பாத்த மாதிரி ஓடுறீங்க? நாளைக்கு மறுபடி ரத்தம் எடுக்குறாங்க. இவன் ஒதைக்கிற ஒதைக்கு நான் ஒருத்தி எப்படிப் புடிக்கிறது? நீங்க வாங்க."

கூலே உதைத்தான், கடித்தான், ஆஸ்பத்திரியே அதிர அலறினான். முடிவு வாங்கவும் இருவரும்தான் போனார்கள்.

"ஈயம் நல்லா எறங்கியிருக்கு. வயசுக்கு ஏத்த மாதிரி தவழுறான், வாயாடுறான். இன்னும் ஒரு தடவ பாத்துருவோம். பயப்பட ஒண்ணுமில்ல" என்றார் நர்ஸ்.

பீரா முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பியபோது, இத்துங்கு பெஞ்சில் சாய்ந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

"நல்லா இருக்கே! ஊசி இவனுக்கு, மயக்கம் உங்களுக்கா?"

"சும்மா இருடி," கண்ணைத் திறக்காமலே சொன்னார் இத்துங்கு. "இன்னிக்குத்தான் தூக்கம் வருது."