அக்காவின் வண்டிக்கு நான் மாற்றிய ஆயில்

அக்கா மறைந்து ஓராண்டு நிறையும் இன்று எங்கள் வீட்டுக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். இந்த நினைவு மலரின் மற்றப் பக்கங்களில் அக்காவின் பொறுமையைப் பற்றியும் ஆசிரியப் பணியைப் பற்றியும் பலர் எழுதியிருக்கிறார்கள். எல்லாம் உண்மை. தம்பி என்ற முறையில் கேட்டு வாங்கிய இரண்டு பக்கங்களில், என்னைத் தவிர வேறு யாரும் எழுத முடியாத ஒன்றை எழுதுகிறேன்.

அக்கா திருப்புட்குழியில் பிறந்தார். எங்கள் அப்பா பிறர் நிலத்தில் கூலி வேலை செய்தவர். மூன்று வயதில் இளம்பிள்ளைவாதம் வந்து அக்காவின் இடது கால் விளங்காமல் போயிற்று. ஐந்தாம் வகுப்பு வரை அப்பாதான் தோளில் தூக்கிக்கொண்டு போய்ப் பள்ளியில் விட்டார். ஆறாம் வகுப்பின் முதல் நாள் காலையில், வழக்கம்போல் குனிந்து நின்ற அப்பாவிடம் அக்கா, "இனிமே என்ன யாரும் தூக்கக் கூடாதுபா" என்றார். ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு நடந்தார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதுவே சட்டம்.

படித்து ஆசிரியரானார். வாலாஜாபாத்தில் ஒரு பள்ளியில் வேலை. நாங்கள் குடிவந்திருந்த காஞ்சிபுரத்திலிருந்து பல ஆண்டுகள் பஸ்ஸில் போய் வந்தார். பஸ் படியில் யாராவது இரக்கப்பட்டுக் கை நீட்டினால், "கைய எடுப்பா, நானே வரேன்" என்பார். ஏறி முடிப்பதற்குள் பஸ் பொறுமை இழந்து போய்விட்ட நாள்களும் உண்டு. அடுத்த பஸ்ஸுக்கு நிற்பாரே தவிரக் கையைக் கொடுக்க மாட்டார்.

தொண்ணூறுகளின் நடுவில், ஊரில் இருந்த மருத்துவர் ஒருவர் வெளிநாட்டில் குடியேறப் போனபோது தம்முடைய பழைய ஜப்பான் காரை விற்றார். கிளட்ச் இல்லாத வண்டி. கியரைத் தானே மாற்றிக்கொள்ளும். வலது கால் மட்டும் போதும். அக்கா அதை வாங்கினார். ஓட்டுநர் உரிமத்துக்கு நான்தான் அலைந்தேன். எந்த விதி, எந்தப் படிவம், எந்தச் சான்று என்று அலுவலக மேசை முன் நின்று ஒப்பித்து வாங்கிக் கொடுத்தேன். என் விதிமுறை ஞானம் அக்காவுக்கு உதவியது அந்த ஒரு முறைதான்.

பிறகு பத்து ஆண்டுகள் அக்காவை யாரும் தூக்கவில்லை. கை நீட்டவுமில்லை. ஓய்வு பெற்ற பின்னும் வாரந்தோறும் வாலாஜாபாத்துக்குப் போய், படுக்கையில் இருந்த தோழி சரோஜா டீச்சரைப் பார்த்துவிட்டு வருவார். வழியில் மனம் வந்தால் திருமுக்கூடல் வரை போய், ஆறுகள் சேரும் இடத்தில் கண்ணாடியை இறக்கிவிட்டு வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருப்பார். வண்டி இரண்டு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டியிருந்தது.

நான் அரசுப் பணிமனை ஒன்றில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவன். மேற்பார்வையிட ஒன்றும் இல்லாமல் வீட்டில் உட்கார்ந்திருப்பவன் ஆபத்தானவன் என்பதை யாராவது சுற்றறிக்கையாக அனுப்பியிருக்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவின் வண்டியில் கியர் ஆயில் அளக்கும் கம்பியை உருவி வெள்ளைத் துணியில் துடைத்தேன். சிவப்பாக இருக்க வேண்டிய ஆயில் கறுப்பாக இருந்தது. தீய்ந்த வாடை வேறு.

"இத்த எப்ப மாத்தினது?" என்று கேட்டேன்.

"வாங்கனதுலருந்து அப்பிடியேதான் இருக்குது. நல்லா ஓடுதேடா, எதுக்குக் கை வெக்கற?"

"கியர் போட்டா உடனே கிளம்புதா?"

"ரெண்டு எண்ணுவேன், கிளம்பும். நான் எழுந்து நிக்கறதுக்கும் அவ்ளோ நேரம் ஆவுதில்ல? எனக்கேத்த வண்டி."

நான் சிரிக்கவில்லை. கையேட்டில் இரண்டு எண்ணுவதற்கு இடமில்லை.

வாலாஜாபாத் சாலையில் பட்டறை வைத்திருக்கும் கன்னியப்பனிடம் வண்டியைக் கொண்டுபோனேன். செய்ய வேண்டியதை வரிசையாக எழுதிய தாளையும் கொண்டுபோனேன். கன்னியப்பன் ஆயிலை விரலில் தொட்டு, முகர்ந்து, தலையை ஆட்டினார்.

"சார், இது வேணாம். ரொம்ப லேட்டாயிடுச்சி. உள்ள பிளேட்டெல்லாம் தேஞ்சி, அந்தத் தூளு ஆயில்ல கலந்துகினு இருக்குது. அந்த அழுக்குதான் இப்ப பிடிமானம். நைஞ்ச புடவைக்குக் கஞ்சி மாரி. அலசிட்டா ஒண்ணும் நிக்காது."

"அழுக்குல ஓடற வண்டி எந்தப் புஸ்தகத்துல இருக்குதுபா?"

"சரி சார், மாத்தியே ஆவணும்னா, கீழ சட்டியில இருக்கறத மட்டும் எறக்கி, அந்த அளவு புதுசு ஊத்தறேன். மீதி பழசு உள்ளயே இருக்கட்டும். அப்பறம் பாத்துக்குவோம்."

"பாதி பழசு, பாதி புதுசா? நீ என்ன, ஆயில் மாத்தறியா, மோருக்குத் தண்ணி ஊத்தறியா?"

பட்டறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் இங்கே எழுதிவிட வேண்டும். கன்னியப்பன் சிரிக்கவில்லை. "நீங்க படிச்சவரு. சொல்லுங்க, செய்யறேன்" என்றார்.

சொன்னேன். முறைப்படி செய்தோம். சட்டியைக் கழற்றி, வடிகட்டியை மாற்றி, குளிர்விக்கும் குழாயைப் பிரித்து, இன்ஜினை ஓடவிட்டு, ஒரு பக்கம் பழசு வெளியேற மறுபக்கம் புதுசை ஊற்றி, குழாயில் செக்கச்செவேலென்று வரும்வரை ஒரு சொட்டுப் பழையதை விடவில்லை. வண்டி சூடான பிறகு, இன்ஜின் ஓடும்போதே அளவு பார்த்தேன். தாளில் எல்லா வரிக்கும் எதிரே குறியிட்டேன். ஒரு தவறும் இல்லை. இன்றைக்கும் அந்தத் தாளில் ஒரு தவறும் இல்லை.

பத்து நாள் வண்டி கியர் போட்டவுடன் கிளம்பியது. "பாத்தியாக்கா?" என்று கேட்டேன். "எண்ணறதுக்கு முன்னாடியே ஓடுதுடா. கொஞ்சம் பயமாகூட இருக்குது" என்றார்.

பதினோராம் நாள், வாலாஜாபாத் ரயில்வே கேட்டில் ரயிலுக்காக நின்றிருக்கிறார். கேட் திறந்தது. கியர் போட்டார். இன்ஜின் அலறியது, வண்டி நகரவில்லை. இரண்டு எண்ணியிருப்பார். பத்தும் எண்ணியிருப்பார். பின்னால் லாரிகள் ஹாரன் அடித்தன. யாரோ வண்டியைத் தள்ளி ஓரம் கட்டினார்கள். ஊன்றுகோல் பின்சீட்டில் இருந்தது. அதை எடுத்துக் கொடுக்க அந்த அவசரத்தில் யாருக்கும் தோன்றவில்லை. முன்பின் தெரியாத இரண்டு பேர் அக்காவைத் தூக்கி ஆட்டோவில் உட்கார வைத்தார்கள். நல்லவர்கள். ஆட்டோவுக்கு வழியும் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்து அக்கா என்னிடம் சொன்னது ஒன்றுதான்: "என்னத் தூக்கிட்டாங்கடா."

அந்த கியர் பெட்டிக்குச் சாமான் தேடிப் சென்னைப் புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் ஒரு மாதம் அலைந்தேன். கிடைக்கவில்லை. வண்டி தார்ப்பாயின் கீழ் நின்றது. ஆட்டோவில் போகலாம் என்றேன். அந்த வயதில் அதில் ஏற ஒரு கை வேண்டும், அக்கா கையைக் கொடுக்க மாட்டார். ஒன்றரை ஆண்டு வாசலைத் தாண்டவில்லை. சரோஜா டீச்சர் இறந்த செய்தி வந்தபோதும் போகவில்லை. மாசியில் காய்ச்சல் வந்தது, நெஞ்சில் சளி கட்டியது, மருத்துவமனையில் எட்டு நாளில் முடிந்தது. மருத்துவர் காரணம் எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்தச் சான்றிதழில் கியர் ஆயிலுக்கு ஒரு கட்டம் இல்லை. அதனால் நான் தப்பித்தேன் என்று நினைக்க எவ்வளவோ முயன்றுவிட்டேன்.

இனி, இந்தப் பக்கங்களை நான் கேட்டு வாங்கிய காரணம். "டீச்சரம்மா வண்டியக் கெடுத்தவன்" என்று உங்களில் பலர் கன்னியப்பனைப் பேசினீர்கள். சிலர் அவர் பட்டறைக்குப் போவதையே நிறுத்தினீர்கள். நான் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன். வண்டி நின்ற வாரம் அவர் வீட்டுக்கு வந்து, "வண்டிக்கு வயசாயிடுச்சிமா" என்று அக்காவிடம் சொன்னார். பக்கத்தில் நின்ற என்னை அவர் பார்க்கவில்லை. வேண்டாம் என்று அவர் சொன்னதையும், சபையில் மற்றவர்களைச் சிரிக்க வைத்து அவரை அடக்கியதையும் அக்காவிடம் கடைசிவரை நான் சொல்லவில்லை. மாற்றாமல் இருந்திருந்தால் வண்டி இன்னும் ஆறு மாதம் ஓடியிருக்குமா, ஆறு ஆண்டா, எனக்குத் தெரியாது. அதைக் கண்டுபிடிக்க முறை ஏதும் இல்லை. தவறு கன்னியப்பனுடையது அல்ல, என்னுடையது. வேண்டுபவர்கள் இதை அவர் பட்டறையில் போய்ப் படித்துக் காட்டலாம்.

மருத்துவமனையில் மாறி மாறி உடனிருந்த அண்டை வீட்டாருக்கும், இறுதிச் சடங்குகளுக்கு வந்து நின்ற அக்காவின் மாணவியருக்கும், சமையலைப் பார்த்துக்கொண்ட உறவினர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அழைக்காமலே வந்து, பாடையின் பின்பக்கம் தோள் கொடுத்த கன்னியப்பனுக்கும் நன்றி.

முன்பக்கம் நான் நின்றேன். தூக்குங்கள் என்று பெரியவர்கள் சொன்னபோது, கொஞ்சம் பொறுங்கள் என்றேன். காரணம் புரியாமல் எல்லோரும் நின்றார்கள். இரண்டு எண்ணினேன். பிறகு அக்காவைத் தூக்கினோம்.