கூழைக்கடா ஊரில் கெட்டிமேளம்

அழுகிய மீனையும் நனைந்த சுண்ணாம்பையும் ஒரே அண்டாவில் போட்டு மூடி வைத்து, ஒரு வாரம் கழித்துத் திறந்து மூக்கை நீட்டினால் எப்படி இருக்குமோ அப்படித்தான் இருக்கும், ஐப்பசியிலிருந்து பங்குனி வரை எங்கள் ஊர்க் காற்று. ஊரின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் ஞாயிற்றுக்கிழமைகளில் இன்னும் நாலு வேன் கூடுதலாக வரும். சூளூர்பேட்டைப் பக்கம், பழவேற்காட்டு ஏரிக்குக் கிட்டத்தில் என்று வைத்துக்கொள்ளுங்கள், போதும்.

அந்தப் பக்கம் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று இப்போது ஆளாளுக்கு என்னைக் கேட்கிறார்கள். ஏன், நிறைய இருக்கிறது. ஏரி இருக்கிறது, படகு இருக்கிறது, அக்கரையில் டச்சுக்காரர்களின் பழைய கல்லறைத் தோட்டம் இருக்கிறது, ராக்கெட் விடும் நாளில் அண்ணாந்து பார்க்க வானம் இருக்கிறது. போன மாதம் பேரனோடு அந்தக் கல்லறைகளுக்குப் போய், வழக்கம்போல் எண்ணத் தொடங்கினேன். நான் எண்ணிய வரையில் ஒரு கல்லறைக்கு மூன்று சிப்ஸ் உறை என்ற கணக்கு வந்தது. அதோடு எண்ணுவதை நிறுத்திவிட்டேன். முந்நூறு வருடமாகப் படுத்திருக்கிறவர்களின் தலைமாட்டில் உட்கார்ந்து தின்றுவிட்டு உறையை அங்கேயே போட எப்படி மனம் வருகிறதோ தெரியவில்லை.

நாற்றத்தின் கதைக்கு வருகிறேன். எங்கள் ஊர் ஏரியின் நடுவில் நீர்க்கடம்ப மரங்கள் நின்றன. மழை தொடங்கியதும் கூழைக்கடாக்கள் வந்து அவற்றில் கூடு கட்டும். நாங்கள் தெலுங்கில் சொல்வது போல “கூடபாத்து” என்போம். நான் பையனாக இருந்தபோது கரையில் நின்று ஒவ்வொரு மரமாகக் கூடுகளை எண்ணுவேன். குஞ்சுகள் கக்கிய மீனும் பெரியவை போட்ட எச்சமும் தண்ணீரில் விழுந்து தண்ணீரே பால் கலங்கலாக மாறிவிடும். அந்தத் தண்ணீர்தான் மதகு வழியாக எங்கள் நெல்லுக்குப் பாய்ந்தது. “எச்சம் வுழுந்த தண்ணிக்கு எரு வாணாம்” என்பார்கள் பெரியவர்கள். ஆகையால் அந்த ஆறு மாதமும் ஊரில் வெடி கிடையாது, மேளம் கிடையாது, பிணத்துக்குப் பறைகூடக் கிடையாது. சத்தம் கேட்டுப் பறவை கூட்டை விட்டுப் போய்விட்டால் அடுத்த போகம் போயிற்று. கல்யாணங்களையெல்லாம் பறவை கிளம்பிய பிறகுதான் வைத்துக்கொள்வோம்.

என் அக்கா சரோஜாவைப் பெண் பார்க்க மூன்று இடத்திலிருந்து வந்தார்கள். மூன்று இடத்தாரும் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார்கள், பொத்தியபடியே போனார்கள். ஒருவர், கொடுத்த காபியைக் குடிக்காமல் முருங்கை மரத்தடியில் ஊற்றியதை நானே பார்த்தேன். “மூக்கப் புடிச்சிக்கினு வந்தவன் பொண்ண எங்க பாக்கப் போறான், போவட்டும்” என்றார் நைனா, எங்கள் அப்பா. வெளியில் அப்படிச் சொன்னாலும் இரவில் சாப்பாடு அவருக்கு இறங்கவில்லை. ஆகவே நான்காவதாக நகரியிலிருந்து தறிக்காரர் ஒருவர் வந்து, பெண் பிடித்திருக்கிறது, ஆனால் தை மாதத்தை விட்டால் பையனுக்கு இரண்டு வருடம் யோகமில்லை என்றபோது, நைனா உடனே சரியென்றார். மேளம் கூடாது என்று மட்டும் நிச்சயத்தன்று சொன்னார். அவரும் தலையாட்டினார்.

தலையாட்டியவர் முகூர்த்தத்துக்கு முதல் நாள் வந்து இறங்கியபோது, வண்டியில் சேலை மூட்டைகளுக்கு அடியில் இரண்டு தவிலும் ஒரு நாயனமும் இருந்தன. விடிந்ததும் அவை வெளியே வந்தன.

“நிச்சயத்தில ஒத்துக்கினீங்களே சம்பந்தி” என்றார் நைனா.

“ஒத்துக்கினேன். வூட்டுக்குப் போயி யோசிச்ச அப்பறந்தான் புத்தி வந்துச்சி. கெட்டிமேளம் இல்லாம தாலி கட்டினா இது கல்யாணமா, திருட்டு வேலையா? நகரியில எங்க ஜனம் காறித் துப்பும்.”

வாசலில் ஊர்க்காரர்கள் நின்றிருந்தார்கள். அவர்களில் ஒருவர் சத்தம் போடாமலே சொன்னார்: “தவுல்ல ஒரு தட்டு வுழட்டும், ஊரே எழுந்து போயிடும். இலையில ஒருத்தன் கை வெக்க மாட்டான்.”

உள்ளே மணையில் அக்கா ஈரத் தலையோடு உட்கார்ந்திருந்தாள். மேளம் கொட்டினால் நைனாவுக்கு ஊர் இல்லை. கொட்டாவிட்டால் அக்காவுக்குக் கல்யாணம் இல்லை. நைனா இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “வண்டியக் கட்டுங்க, பெரிய ஏரிக்குப் போலாம். அங்க கொட்டினா நம்ம கூடபாத்துக்குக் கேக்காது” என்றார்.

ஊருக்கே அது பெரிய யோசனையாகப் பட்டது. அரிசி, மஞ்சள், மணை, ஐயர், தவில், எல்லாம் ஏழு வண்டிகளில் ஏறின. பழவேற்காட்டு ஏரியின் ஓரச் சேறு மேலே காய்ந்து பாளம் பாளமாக இருந்தது. கால் வைத்தால் முழங்கால் வரை உள்ளே போயிற்று. கறுப்பாக, செத்த நண்டு மணத்தோடு. நகரிக்காரர்களின் பட்டுவேட்டியெல்லாம் பாதிக்குக் கறுப்பாயிற்று. சம்பந்தியின் ஒரு செருப்பு சேற்றுக்குள் போனது போனதுதான். மணை போட இடமில்லாமல் பெண்ணும் மாப்பிள்ளையும் நின்றுகொண்டே இருந்தார்கள்.

எங்கள் ஊரார் செய்த தப்பு என்னவென்றால், அவர்களுக்குப் பறவை என்றால் தங்கள் வயலுக்கு எச்சம் போடுகிற பறவை மட்டும்தான். பெரிய ஏரி முழுக்கப் பூநாரைகள் நின்றதை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. கண்ணுக்கு எட்டிய வரை நின்றன. எவ்வளவு என்று எண்ண முயன்றேன், முடியவில்லை. நான் எண்ண முடியாமல் விட்டது அது ஒன்றுதான்.

ஐயர் கையைக் காட்ட, தவில்காரர் இரண்டு பேரும் ராத்திரி முழுக்க அடக்கி வைத்திருந்ததையெல்லாம் சேர்த்துக் கொட்டினார்கள். ஏரி எழுந்தது. அப்படித்தான் சொல்லத் தோன்றுகிறது. வெயில் மறைந்து வானம் இளஞ்சிவப்பாயிற்று. எல்லோரும் வாயைப் பிளந்துகொண்டு அண்ணாந்து பார்த்தோம்; பார்த்திருக்கக் கூடாது. முதலில் ஐயரின் தோளில் விழுந்தது, பிறகு தவிலின் தோலில் தாளம் தப்பாமல் விழுந்தது, பிறகு கணக்கில்லாமல் கொட்டிற்று. அட்சதை, சந்தனக் கிண்ணம், அக்காவின் கூறைச்சேலை, எதுவும் தப்பவில்லை. சம்பந்தியின் நெற்றியில் விழுந்தது மூக்கு வழியாக மீசைக்கு இறங்கியது.

மேளம் நின்றது. இரண்டு முடிச்சுதான் விழுந்திருந்தது. மூன்றாவது முடிச்சுப் போட வேண்டிய நாத்தனார் சேலையைத் தலையில் போட்டுக்கொண்டு வண்டிக்கு ஓடிவிட்டாள்.

“நிறுத்துங்கடா. இதவிட அபசகுனம் இன்னா வேணும்” என்றார் சம்பந்தி, வாயை முழுதாகத் திறக்காமல்.

அப்போது, வந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசியிராத மாப்பிள்ளை, தாலிக் கயிற்றைத் தன் வேட்டித் தலைப்பில் நிதானமாகத் துடைத்தார். துடைத்துவிட்டு அக்காவிடம் சொன்னார்:

“மூணாவது முடிச்சி போடணும். கொஞ்சம் குனி.”

அக்கா குனிந்தாள். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நைனா பதறிப்போய்க் கிட்டே போனார். சிரித்துக்கொண்டிருந்தாள்.

அந்த மூன்றாவது முடிச்சு நாற்பத்தாறு வருடம் நிலைத்தது. அத்தான் போன பிறகும் அக்கா நகரியில்தான் இருக்கிறாள். எங்கள் ஊரில் இப்போது வயலுக்கு மூட்டை மூட்டையாக யூரியா போடுகிறார்கள். பறவைத் தண்ணீரைக் கேட்பவர் இல்லை, தீபாவளிக்குக் கரை மேலேயே சரம் வெடிக்கிறார்கள். நீர்க்கடம்ப மரங்களில் பதினோரு கூடு எண்ணினேன். முன்பு ஒரே மரத்தில் அதைவிட அதிகம் இருக்கும்.

இந்தத் தை மாதம் அக்காவின் பேத்திக்குக் கல்யாணம். கல்யாணத்துக்கு முன்னாலேயே போட்டோ எடுக்க வேண்டுமாம், அதுவும் பாட்டிக்குத் தாலி கட்டின ஏரியில்தான் எடுக்க வேண்டுமாம். இரண்டு காரில் போனோம். அதே ஓரம்தான், நடுவில் பிரியாணிப் பொட்டலங்களும் உடைந்த பாட்டில்களும் இருந்தன, யாரோ ஒருவர் உட்கார்ந்து எழுந்து போயும் இருந்தார். போட்டோக்காரப் பையன் பையிலிருந்து ஒரு வெடியை எடுத்தான்.

“இன்னாத்துக்குடா அது?” என்றாள் அக்கா.

“பறவைங்க மேல எழும்பணும் பாட்டி. பேக்ரவுண்ட் சூப்பரா வரும். எல்லாரும் இப்பிடித்தான் எடுக்கறாங்கோ.”

“வாணாம்டா. மேல வுழும்.”

அவன் சிரித்துக்கொண்டே பற்ற வைத்தான். தூரத்தில் நின்ற பூநாரைகள் எழுந்தன. ஒரே மூச்சில் எண்ணிவிட்டேன், முப்பத்தேழு. எங்கள் பக்கம் திரும்பாமல் தெற்கே போயின. அக்கா காரை விட்டு இறங்கிப் போய், பேத்தியின் முந்தானையைப் பிரித்து, வெயிலில் இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“சுத்தமா கீது” என்றாள்.