துபாயிலிருந்து வேப்பந்தட்டைக்கு எத்தனை மணி நேரம்?

பிளேன் டிக்கெட் போடுற கடையில் டிக்கெட் போடுறது பத்து நிமிஷ வேலை, "எத்தனை மணி நேரம் ஆகுங்க?"ன்னு கேட்கிறவங்களுக்குப் பதில் சொல்றதுதான் மீதி நாள் பூரா. கவுண்டருக்கு உள்பக்கம் உட்கார்ந்து வேலை பார்க்கிற எல்லாருக்கும் இது தெரிஞ்ச பாடுதான். நான் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் இருக்கேன். படிச்சது எட்டாவது. ஆளுங்க முகத்தைப் பார்த்துப் பேசவே கூச்சம்.

கழித்தல் கணக்கு

நான் வேலைக்குச் சேர்ந்த வாரம் ஒருத்தர், துபாயிலேர்ந்து திருச்சிக்கு எத்தனை மணி நேரம்னு கேட்டார். கிளம்புறது பத்து, இறங்குறது மூணரைன்னு இருந்தது. கழிச்சுப் பார்த்து அஞ்சரைன்னு சொல்லிட்டேன். உண்மையில் நாலு மணி நேரம்தான். கிளம்புற மணி அந்த ஊர் மணி, இறங்குற மணி நம்ம ஊர் மணி. அவங்க கடிகாரம் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னாடி ஓடுது. இது எனக்கு அன்னைக்குத்தான் தெரிஞ்சது.

ஆபரேஷனில் பிள்ளை பெத்த உடம்பு எனக்கு. நின்னுக்கிட்டே பார்க்கிற வேலை ஆகாது. முதலாளி அண்ணன் அது தெரிஞ்சும் சொன்னார்: "இன்னொருவாட்டி மணியைத் தப்பாச் சொன்னீன்னா, ஜெராக்ஸ் மெஷின்கிட்டப் போய் நின்னுக்க."

மெட்ராஸை விடக் கிட்டக்க

உடையார்பாளையத்திலேர்ந்து முந்திரிக் காட்டுக்காரர் ஒருத்தர் வந்தார். மகன் சிங்கப்பூரில். எவ்வளவு தூரம்னு கேட்டார். மூவாயிரம் கிலோமீட்டரை ஒட்டி வரும், நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும்னேன். மெட்ராஸுக்கு பஸ்ஸில் போனா ஆறு மணி நேரம் ஆகுதேன்னார். ஆமாங்கன்னேன்.

கொஞ்ச நேரம் சுவரில் இருந்த பிளேன் படத்தையே பார்த்துக்கிட்டிருந்தார். அப்புறம் கேட்டார்: "அப்ப மூணு வருசமா அவன் ஏம்மா வரல?"

எத்தனை மணிக்கு எடுக்குறது

போன மாசம் வேப்பந்தட்டைக்காரர் ஒருத்தர் ஓடி வந்தார். அவர் மச்சான் காலையில் இறந்துட்டார். மச்சானோட மூத்த மகன் துபாயில் இருக்கான், அவன்தான் கொள்ளி வைக்கணும். மறுநாளைக்கு டிக்கெட் போட்டேன். பிளேன் மூணரைக்குத் திருச்சியில் இறங்கும்.

அவர் விரல் விட்டு எண்ணினார். "அங்க மூணரைன்னா நமக்கு அஞ்சு. வூடு வந்து சேர ஏழேகால் ஆயிடும். பொழுது சாயறதுக்குள்ள எடுக்கணும்மா. சின்ன மகனையே வச்சு முடிச்சிட வேண்டியதுதான்." முதலாளி அண்ணனும் ஆமான்னு தலையாட்டினார்.

நான் மேசையைப் பார்த்துக்கிட்டே சொன்னேன்: "மூணரைங்கிறதே நம்ம மணிங்க. அதோட எதுவும் கூட்டக் கூடாது." நான் சொன்னது தப்பாப் போனா இருட்டுற வரைக்கும் பிணம் காத்துக் கிடக்கும். ஆனாலும் நிறுத்தலை. "கைப்பை ஒண்ணு மட்டும் எடுத்துட்டு வரச் சொல்லுங்க, பெட்டிக்குன்னு நிக்க வேணாம். காரை முன்னாடியே அனுப்பி வைங்க. அஞ்சே முக்காலுக்குள்ள வூட்டுல இருப்பாரு."

அவர் அங்கேயே நின்னு ஊருக்குப் போன் போட்டு, ஆறு மணிக்கு எடுக்குறதுன்னு சொன்னார்.

மறுநாள் பூரா எனக்குச் சோறு இறங்கலை. அடுத்த வாரம் அதே ஆள், மருமகனுக்குத் திரும்பிப் போக டிக்கெட் கேட்டு வந்தார். அவரே சொன்னார்: "அஞ்சு அம்பதுக்கு வந்துட்டாம்மா. பத்து நிமிசம் அப்பன் மூஞ்சியப் பாத்தான், போதும்."

பிளேன் பறக்குற நாலு மணி நேரத்துக்குக் கம்பெனிக்காரங்க பொறுப்பு, அதுக்கு முன்னாடியும் பின்னாடியும் உள்ள நேரத்துக்கெல்லாம் எட்டாவது படிச்ச நான் பொறுப்பு.