சர்தாரபாத் கதைக்கு உம் கொட்டியவள்

எனக்குக் கதை கேட்கத் தெரியும். யார் கதை சொன்னாலும் உம் கொட்டிக்கொண்டே இருப்பேன். உம் கொட்டாவிட்டால் சொல்லுகிற ஆளுக்கு மேலே சொல்ல எங்கே மனம் வரும்? மன்னாரில் பிடித்த பழக்கம், வுப்பர்டாலுக்கு வந்து முப்பது வருடமாகியும் விடவில்லை. ஜெர்மன்காரரின் மொழியில், டொச்சில், 'ம்' என்றால் 'ஓம், சரி' என்றாகிவிடும். தெரியும். தெரிந்தென்ன, வாய் நிற்க வேண்டுமே.

எங்கள் மேல்வீட்டில் ஓர் ஆர்மீனியக் குடும்பம். அவர் குளியலறைகளுக்கு டைல்ஸ் பதிக்கிறவர். மனைவி என்னோடு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்கிறாள். பிள்ளைகள் இரண்டும் சின்னஞ்சிறிசுகள். கொரோனா வந்த வருடம், இலை கொட்டத் தொடங்கிய நாட்களில், ஆர்மீனியர் இருக்கிற கரபாக் மலைகளில் சண்டை வெடித்தது. அவருடைய தம்பி அங்கே முன்வரிசையில் நின்றார். சண்டை என்ற சொல்லைக் கேட்டாலே நான் எழும்பிப் போய்விடுவேன். ஆனாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்தவள், பார்க்காமல் இருக்க மனம் கேளாமல் மேலே போனேன்.

கோப்பி தந்தார்கள். தொலைக்காட்சி சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்தபடியே சர்தாரபாத் கதையைத் தொடங்கினார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினெட்டு. கொன்றதும் துரத்தியதும் போக மிஞ்சிய ஆர்மீனியச் சனம் ஒரு துண்டு நிலத்தில் ஒதுங்கிக் கிடக்கிறது. துருக்கிப் படை அந்தத் துண்டையும் பிடிக்க வருகிறது. தப்பிப் போங்கள் என்று தலைமைக் குருவிடம் சொன்னார்களாம், அவர் மாட்டேன் என்றாராம். ம். கோயில் மணிகளை நாட்கணக்காக நிறுத்தாமல் அடித்தார்களாம். ம். உழவர், குருமார், பெண்கள் எல்லோரும் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு போனார்களாம். அவருடைய பூட்டனும் மாட்டுவண்டியோடு போனாராம். சர்தாரபாத்தில் மறித்து, வந்த படையைத் திருப்பி அனுப்பினார்களாம். அன்றைக்குத் தோற்றிருந்தால் ஆர்மீனியன் என்று சொல்ல ஒருவரும் மிஞ்சியிருக்கமாட்டார்கள் என்றார். ம்.

அவர் உணர்ச்சிப்பட்டால் டொச் வேகமாக வரும், பாதிதான் எனக்குப் பிடிபடும். அதோடு அந்த மணிக் கதை வந்தபோதே என் நினைவு ஊருக்கு ஓடிவிட்டது. எங்கள் பக்கம் சண்டைக்காலத்தில் கோயில் மணி வேளை கெட்டு அடித்தால் பதுங்குகுழிக்குள், பங்கருக்குள் ஓடுவோம். நான் பங்கருக்குள் இருந்தபடியே உம் கொட்டிக்கொண்டிருந்தேன். இடையில் அவர் என் முகத்தைப் பார்த்து ஏதோ கேட்டார். அதற்கும் 'ம்' என்றேன். அவர் முகம் மலர்ந்தது. மனைவி கோப்பையை வைத்துவிட்டு எழும்பிப் போனாள்.

மறுநாள் வேலையில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தபோது அவள் என்னிடம் கேட்டாள். அவள் கேட்டது டொச்சில், என் காதில் விழுந்தது இப்படி:

"ஏன் அவரைப் போகச் சொன்னனீங்கள்?"

அவர் கேட்டது இதுதானாம்: நீங்கள் சண்டையைக் கண்ட ஆள், நீங்களே சொல்லுங்கள், நானும் சண்டைக்குப் போகத்தானே வேண்டும்? நான் ஓம் என்றேனாம். வியாழக்கிழமைக்கு விமானச்சீட்டும் எடுத்துவிட்டாராம். நான் உரித்த கிழங்கையே திரும்பவும் உரித்தேன்.

வீட்டில் என் கணவரிடம் சொன்னேன். "தவளை தன்ர வாயாலதான் கெடும். நீர் மற்றவையையும் கெடுத்துப்போட்டீர்" என்றார். பிறகு, போய் உள்ளதைச் சொல்லும்படி சொன்னார். படியேறிப் போய், தெரியாமல் சொல்லிவிட்டேன், போகாதீர்கள் என்றேன். அவர் சிரித்தார். அன்றைக்கு மனதிலிருந்து சொன்னீர்கள், இன்றைக்குப் பயத்தில் சொல்கிறீர்கள் என்றார். அட கடவுளே, இந்த மனுசனுக்கு எதைச் சொல்லிப் புரியவைப்பது?

பயம்தான், பொய்யில்லை. என் அண்ணன் ஊரில் சண்டைக்குப் போனபோது வீட்டில் ஒருவரும் மறிக்கவில்லை. அண்ணன் திரும்பி வரவும் இல்லை. மேலே பெட்டி இழுபடும் சத்தம் கேட்கும்போதெல்லாம் கைவேலையை விட்டுவிட்டு அண்ணாந்து பார்த்தேன். அந்த இரண்டு பிள்ளைகளின் தகப்பனை நான் ஓர் எழுத்தால் அனுப்பிவைக்கிறேன் என்ற நினைப்பு சோறு இறங்கவிடவில்லை.

புதன்கிழமை பின்னேரம் அவள் கீழே வந்தாள். கைதுடைக்கிற துணிக்குள் சுற்றிய அவருடைய கடவுச்சீட்டை என் கையில் வைத்துவிட்டுப் படியேறிப் போனாள். நான் அதை அரிசி வாளிக்குள் புதைத்தேன்.

ஒரு மணித்தியாலத்துக்குள் அவர் கடவுச்சீட்டைத் தேடி வந்து கதவில் நின்றார். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"என்னட்டத்தான் இருக்கு. தரமாட்டன்."

பொலிசைக் கூப்பிடுவேன் என்றார். கூப்பிடுங்கோ என்றேன். அவர் கோபப்படவில்லை. அதுதான் பொறுக்கமுடியாமல் இருந்தது.

"எங்கட சனம் அண்டைக்கு உங்களைப்போல பயந்திருந்தால், நான் பிறந்திருக்கவே மாட்டன்."

கதவைச் சாத்திவிட்டு உள்ளே நின்று அழுதேன். அவர் வெகுநேரம் படியில் உட்கார்ந்திருந்தார். பொலிஸ் வரவில்லை. வியாழக்கிழமை விமானம் அவர் இல்லாமல் போனது.

கார்த்திகையில் சண்டை நின்றது. ஆர்மீனியர் கையிலிருந்த நிலம் போனது. அதற்கு ஒரு கிழமை முன்னர் அவருடைய தம்பியும் சண்டையில் இறந்துபோய்விட்டார். செய்தியை மனைவி சொன்னாள். என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள், என் கையையும் முத்தமிட்டாள். எனக்கு அந்தக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

கடவுச்சீட்டை எடுத்துக்கொண்டு நானே மேலே போனேன். அவர் வாங்கி, விரித்துத் தன் படத்தைக் கொஞ்சநேரம் பார்த்தார்.

"தம்பி தனிய நிண்டவன்" என்றார்.

அதற்குப் பிறகு அவர் என்னோடு கதைப்பதில்லை. காலையில் பிள்ளைகளைக் கையில் பிடித்துப் பள்ளிக்கூடம் கூட்டிப்போகிறார். இன்னொரு சண்டை வந்து, அவள் அந்தக் கடவுச்சீட்டை இன்னொருமுறை கொண்டுவந்து தந்தாலும் நான் ஒளித்துத்தான் வைப்பேன். அதை நினைத்தால்தான் எனக்கு இப்போது பயமாக இருக்கிறது.