ரோட்டுப் பக்கத்து ஜன்னல்

செங்கலடியில் போரில் இடிந்த எங்கள் வீட்டைத் திரும்பக் கட்ட வந்த மேசன், பக்கத்து ஊரான ஏறாவூரைச் சேர்ந்த முஸ்லிம். நரைத்த தாடி, காதில் செருகிய தட்டைப் பென்சில். அண்ணன் முறையில் 'நானா' என்று கூப்பிடுவேன். எதைக் கட்டுமுன்பும் கோடாக வரைந்து, தள்ளி நின்று பார்ப்பார்.

"ரோட்டுப் பக்கம் ஜன்னல் வேணாம் நானா," என்றேன். பிரச்சினைக் காலத்தில் துவக்குக் குண்டு அந்தப் பக்கத்தால்தான் வரும்.

"எங்கட ஊர்லயும் உங்கட தமிழ் ஆக்களுக்குப் பயந்து அடைச்சித்தான் வெச்சிருந்த டீச்சர். இனி என்னத்துக்கு?"

நான் பள்ளிக்கூடம் போய் வருவதற்குள் அகலமாக ஒன்றை வைத்துவிட்டார். எரிச்சலாக வந்தது. இப்போது அந்த ஜன்னலடியில்தான் காற்று வாங்கிக்கொண்டு பிள்ளைகளின் கொப்பி திருத்துகிறேன். போகிறவர்கள் நின்று கதைத்துவிட்டுப் போகிறார்கள்.

பெருநாளுக்கு அவர் வீட்டுக்குப் போனேன். ரோட்டுப் பக்கம் ஒரு ஜன்னலும் இல்லை. வெறும் சுவரில் பென்சிலால் ஒரு ஜன்னல் வரைந்திருந்தது.

"இது எப்ப நானா?"

"வைப்பம் டீச்சர். முதல்ல சாப்பிடுங்க," என்று வட்டிலப்பத் தட்டை என் பக்கம் நகர்த்தினார்.

ஒவ்வொரு பெருநாளுக்கும் போகிறேன். சுவர் இன்னும் சுவராகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த முறை பழைய கோடுகளை அழித்து, ஜன்னலைக் கொஞ்சம் அகலமாக வரைந்திருந்தார்.