பஞ்சாட்சரம் ஆந்திராவில் டீசல் போட்ட கதை

பேரணாம்பட்டில் பஞ்சாட்சரம் வீடு எது என்று கேட்டால் யோசிப்பார்கள். மூணு ஹாரன் பஞ்சாட்சரம் என்று கேளுங்கள், கடைக்குப் போகிற சின்னப் பிள்ளைகூடக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து விடும். அவன் என் கூடப் பிறந்த தம்பி. என் மகள் பாக்யலட்சுமியைக் கட்டியதால் மருமகனும் அவன்தான். அவனைத் திட்ட எனக்கு இரண்டு பக்கத்திலும் பாத்தியதை உண்டு. இங்கே இரண்டையும் பயன்படுத்திக்கொள்ளப் போகிறேன்.

அவனிடம் குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி ஒன்று இருக்கிறது. பதனிட்டு முடித்த தோலைக் கட்டுக்கட்டாக ஏற்றிக்கொண்டு மலைப்பாதை ஏறி, ஆந்திராவில் வி.கோட்டா வழியாகக் கர்நாடகாவின் கோலார் தங்கவயலுக்குப் போவான். மதியச் சோற்றுக்குள் மூன்று மாநிலத்து மண்ணை அவன் டயர் மிதித்துவிடும். மூன்று இடத்திலும் ஒரே டீசல்தான், விலை மட்டும் வேறு வேறு. கர்நாடகாவில் கம்மி. நம் பக்கம் நடுவாந்திரம். ஆந்திராவில்தான் ஜாஸ்தி, லிட்டருக்கு நாலைந்து ரூபாய் ஏறிவிடும். அந்தந்த சர்க்கார் போடுகிற வரி அப்படி என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். அந்த விளக்கம் பஞ்சாட்சரத்துக்கு வேண்டாம்.

"அதே டீசல்தானேக்கா? ஆந்திரால ஊத்தினா வண்டி இன்னா பறக்கவா போவுது?" என்பான்.

கரண்டு விஷயத்திலும் இதே பிடிவாதம்தான். நம் வீட்டுக்கு நூறு யூனிட் இலவசம். அதைத் தாண்டிவிடப் போகிறதே என்று, பாக்யலட்சுமி மிக்சி போட்டால் மீட்டர் பெட்டி முன்னால் போய் நிற்பான். கர்நாடகாவில் வீடுகளுக்கு இருநூறு யூனிட் வரைக்கும் இலவசம் என்று கேள்விப்பட்டானோ இல்லையோ, அன்றிலிருந்து செல்போனைத் தங்கவயலில் தோல் இறக்குகிற கம்பெனியில்தான் சார்ஜ் போடுகிறான். "யோவ், அது வீட்டுக்குத்தான். கம்பெனிக்காரன் முழு ரேட்டு கட்டறான்" என்று வாட்ச்மேன் சொல்லிப் பார்த்தார். அப்படியானால் இன்னும் நல்லது என்று சொல்லி டார்ச் லைட்டையும் எடுத்துப்போக ஆரம்பித்தான்.

வண்டியில் டீசல் காட்டும் முள் செத்து ரொம்ப நாளாகிறது. மாற்றினால் செலவு. எவ்வளவு போட்டோம், எவ்வளவு ஓடினோம் என்பதெல்லாம் அவன் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கும். அந்தக் கணக்கு தப்பியதே கிடையாது. ஆந்திராவில் ஒரு சொட்டுகூட வாங்கியதும் கிடையாது.

மலை ஏறி எல்லை தாண்டியதும் ஒரு பங்க் வரும். நம் ஆட்கள் கீழேயே போட்டுக்கொண்டு வந்துவிடுவார்கள், அந்த ஊர்க்காரர்களும் பாதிப்பேர் கீழே இறங்கி வந்து போட்டுக்கொள்வார்கள். அதனால் அந்த பங்க் எந்நேரமும் வெறிச்சோடிக் கிடக்கும். அதைக் கடக்கும்போதெல்லாம் பஞ்சாட்சரம் மூன்று தடவை ஹாரன் அடிப்பான். தலையை வெளியே நீட்டி, "இன்னா அண்ணா, ஈ ஓட்றியா?" என்று கத்திவிட்டுப் போவான். பங்க்காரர் செருப்பைக் கழற்றிக் காட்டுவார். ஐந்தாறு வருஷமாக இப்படித்தான். வேலை மெனக்கெட்டு இதைச் செய்யாதே என்று நான் எத்தனையோ தடவை சொன்னேன். கேட்டால்தானே.

அவன் மகள் எழிலரசி எங்கள் ஊர் பெட்ரோல் பங்க்கில் வேலை செய்கிறாள். அங்கே கௌதம் என்று ஒரு பையன் ஆந்திராவிலிருந்து பைக்கில் வருவான்.

"பெட்ரோலுக்கு வர்றவன் டேங்க்க ரொப்பிக்கினு போவான் ஆயா. இவன் தெனம் மலை எறங்கி வந்து நூறு ரூபாய்க்குப் போட்டுக்கினு போறான்" என்று ஒருநாள் என்னிடம் சொன்னாள்.

"அந்தப் பெட்ரோல் வந்துபோறதுக்கே செரியாப் போவுமேடி?"

"அதான் ஆயா நானும் சொல்றேன்" என்று சொல்லிவிட்டுக் கீழே பார்த்தாள்.

எனக்குப் புரிந்துவிட்டது. விசாரித்ததில் நல்ல குடும்பம். எங்களைப் போலவே வருஷம் தவறாமல் சோளிங்கர் நரசிம்மர் மலை ஏறுகிறவர்கள். ஒரே ஒரு சிக்கல். பையனின் அப்பா காசிநாதன்தான் அந்த வெறிச்சோடிய பங்க்கின் முதலாளி. பஞ்சாட்சரத்திடம், பெட்ரோல் போட வந்த இடத்தில் பையன் எழிலரசியைப் பார்த்தான், அவன் அப்பா வியாபாரம் செய்கிறார் என்று மட்டும் சொன்னோம். என்ன வியாபாரம் என்று அவன் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை.

மாப்பிள்ளை வீடு பார்க்கப் போனோம். பங்க் வந்ததும் வழக்கம்போல மூன்று ஹாரன். "இன்னா அண்ணா, ஈ ஓட்றியா?" என்று கத்தினான். காசிநாதன் புது வேட்டி கட்டிக்கொண்டு பங்க்கை ஒட்டின வீட்டு வாசலிலேயே நின்றிருந்தார், எங்களை வரவேற்க.

"மாமா, வண்டிய நிறுத்து" என்றாள் பாக்யலட்சுமி.

"இங்கயா? டீசல் போட வந்தேன்னு நெனச்சுக்குவான்."

"இதான் மாமா மாப்ள வீடு."

வெளியே நீட்டிய தலையை மெல்ல உள்ளே இழுத்துக்கொண்டான்.

காசிநாதனின் மனைவி சுந்தரி காபி கொண்டுவந்தார். டம்ளரை நாங்கள் கையில் வாங்கியதும் காசிநாதன் ஆரம்பித்தார்.

"இத்தினி வருஷமா ஹாரன் அடிச்சது நீதானா?"

"ஆமா. ஆளில்லாத பங்க்குல தூங்கிடப் போறியேன்னு எழுப்பி வுட்டேன்."

"என் டீசல் ஆவாது, என் புள்ள மட்டும் ஆவுமா? எழுந்துருங்கம்மா. இந்த சம்பந்தம் வாணாம்."

கதவோரம் நின்ற கௌதம் முகத்தில் ரத்தம் இல்லை. வீட்டில் எழிலரசி போனை மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பாள். பஞ்சாட்சரமோ காபியைக் கடைசிச் சொட்டு வரை குடித்து முடித்தான்.

"உன் டீசல் எனக்கு ஆவல, ஒத்துக்கறேன். உன் பெட்ரோல் உன் புள்ளைக்கே ஆவலியே? எங்கூருல வந்துதானே போட்றான்? என் பொண்ண வேற எங்க பாத்தான்னு நெனச்ச?"

காசிநாதன் மகன் பக்கம் திரும்பினார். "ஏன்டா?"

"நீங்க என்கிட்டயே காசு வாங்கறீங்களே நாயனா. அங்க ஏழெட்டு ரூபா கம்மி" என்றான் பையன்.

சுந்தரிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. தட்டைக் கீழே வைத்துவிட்டுத்தான் சிரிக்க முடிந்தது. வீட்டுக்குள்ளேயே மானம் போனபின் காசிநாதன் கொஞ்சம் இறங்கி வந்தார். ஆனால் ஒரு நிபந்தனை போட்டார்.

"நிச்சயம் இங்கதான் வெச்சுக்கறோம். அன்னிக்கி என் சொந்தக்காரங்க அத்தினி பேர் எதிர்லயும் உன் வண்டிக்கு என் பங்க்குல டேங்க் ரொப்பணும். இல்லன்னா தட்டு மாத்த மாட்டேன்."

"பொண்ணையும் குடுத்து டீசலும் வாங்கணுமா?"

"பொண்ண நீ சிரிச்சுக்கினு குடுப்ப. டீசல நீ அழுதுக்கினு வாங்கணும். அதை நான் பாக்கணும்."

பஞ்சாட்சரம் சரி என்றான். சட்டென்று சரி என்றான். தவழும் வயசிலிருந்து அவனை எனக்குத் தெரியும். இவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொள்கிற பிள்ளை அவன் இல்லை.

நான் நினைத்தது சரியாகப் போயிற்று. நிச்சயத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் எழிலரசி வேலை செய்யும் பங்க்குக்கே போய் வண்டியை நிறுத்தியிருக்கிறான். "ரொப்பும்மா. கழுத்து வரைக்கும். நாளைக்கி அவன் பைப்ப வெச்சா ரெண்டு சொட்டுகூட உள்ள போவக்கூடாது" என்று பெற்ற மகள் கையாலேயே ரொப்பச் சொல்லியிருக்கிறான். அவள் ரொப்பிவிட்டு வீட்டுக்கு வந்து அழுதாள்.

"அத்தினி பேர் எதிர்ல அந்த மனுஷன ஏமாத்தினா தட்டத் தூக்கிக்கினு உள்ள போய்டுவாரும்மா. எனக்குக் கல்யாணமே நடக்காது."

பாக்யலட்சுமி அவள் கண்ணைத் துடைத்துவிட்டாள். விடிந்ததும், பஞ்சாட்சரம் தலைக்கு எண்ணெய் வைத்துக் குளிக்கப் போன நேரம் பார்த்து, அடுத்த வீட்டு முஜாஹிதைக் கூப்பிட்டாள். முஜாஹிதும் குட்டியானை ஓட்டுகிறவன், பஞ்சாட்சரத்தின் தோஸ்த். ஒரு ரப்பர் குழாய் போதுமாக இருந்தது. இந்த வண்டி டீசல் அந்த வண்டிக்குப் போய்விட்டது. இந்த யோசனை முஜாஹிதுடையது என்று பாக்யலட்சுமி இப்போது சொல்வாள். நம்பாதீர்கள். நான் முறுக்குத் தட்டு அடுக்கிக்கொண்டே பார்த்திருந்தேன்.

பஞ்சாட்சரம் வண்டியில் நானும் எழிலரசியும். பாக்யலட்சுமி என்னவோ முஜாஹித் வண்டியில்தான் வருவேன் என்று ஏறிக்கொண்டாள். மலை ஏறும்போது பஞ்சாட்சரம் ஒரே பாட்டு. எல்லை தாண்டி பங்க் கண்ணில் பட்ட இடத்தில் வண்டி இருமியது. இன்னொரு தடவை இருமியது. அப்புறம் நின்றுவிட்டது.

"இருக்காதே! கழுத்து வரைக்கும் இருக்குதே!" என்று இறங்கி டேங்க்கைத் தட்டினான். வெறும் தகரச் சத்தம்.

பின்னால் வந்த வண்டியிலிருந்து பாக்யலட்சுமி இறங்கினாள். "அண்ணே, கொஞ்சம் ஜாஸ்தியா எடுத்துட்டியோ?" என்று முஜாஹிதின் காதில் கிசுகிசுத்தது என் காதிலும் விழுந்தது.

வேறு வழி? பட்டுப்புடவையும் மல்லிகைப் பூவுமாக எல்லோரும் சேர்ந்து தள்ளினோம். கல்யாணப் பெண்ணும் தள்ளினாள், எல்லோரையும்விட வேகமாக. பங்க்கில் மாவிலைத் தோரணம் கட்டி, சொந்தக்காரர்களை வரிசையாக நிற்கவைத்து, காசிநாதன் பைப்பைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

"வாங்க சம்பந்தி, வாங்க பாவா! தள்ளிக்கினே வந்துட்டீங்களே, என் டீசல் மேல அவ்ளோ ஆசையா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. பைப் உள்ளே போனது. மெஷினில் எண்கள் ஓட ஓட, பஞ்சாட்சரத்தின் கண்ணும் கூடவே ஓடியது. நிற்கும் என்று பார்த்தான். நிற்கவில்லை. ஒருவழியாக டேங்க் நிறைந்ததும் பணத்தை நீட்டினான். சம்பந்தியாயிற்றே, வேண்டாம் என்பார் என்று நினைத்தான் போல. காசிநாதன் எண்ணி வாங்கி, மீதிச் சில்லறையைக் கையில் வைத்தார்.

"பங்க் வேற பாவா, சம்பந்தம் வேற."

பஞ்சாட்சரம் அந்தச் சில்லறையை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தான். பிறகு முகமெல்லாம் பல்லாக என் பக்கம் திரும்பினான். "யக்கா, இவுரு நம்ம ஆளுக்கா! என் பொண்ணு இங்க பொழைச்சுக்குவா" என்றான். அங்கேயே, டீசல் வாசனையிலேயே, பாக்குத் தட்டை மாற்றிக்கொண்டார்கள்.

திரும்பும்போது டீசல் தீர்ந்து நின்றதில் குழாயில் அடைத்துக்கொண்ட காற்றை எடுத்துவிட்டு முஜாஹித் வண்டியைக் கிளப்பிக் கொடுத்தான். புறப்படுகையில் பஞ்சாட்சரம் மூன்று ஹாரன் அடித்தான். காசிநாதன் செருப்பைக் கழற்றிக் காட்டினார். மலை இறக்கம் வந்ததும் பஞ்சாட்சரம் இன்ஜினை அணைத்துவிட்டான்.

"டேய், உசுரோட வீடு போய்ச் சேரணும்டா. இன்ஜின போடு."

"ஆந்திரா டீசல் யக்கா, இத்தப் போயி எறக்கத்துல செலவு பண்ணுவனா?" என்றவன், எங்களைத் தாண்டிப் பறந்த முஜாஹித் வண்டியைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினான். "ஏன்க்கா, தோஸ்த் மட்டும் இன்னைக்கி டீசல் கவலயே இல்லாம இன்னா இப்டி ஓட்றான்?"

எனக்கு உடனே தூக்கம் வந்துவிட்டது.