பெயர் வைத்த அன்று அரைத் தாடி

மனைவி கர்ப்பமாக இருக்கும்போது புருஷன் முடி எடுக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். தலைநகருக்கு வந்து கிட்வாய் நகரில் குடியிருந்து லோதி ரோடு ஆபீசில் கம்ப்யூட்டர் தட்டினாலும் வழக்கம் வழக்கம்தான். குழந்தை பிறப்பதற்குள் என் முகம் சாமியார் முகமாகிவிட்டது. என் மனைவி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "குழந்தைக்குப் பேர் வைக்கற அன்னிக்காவது பழைய மூஞ்சியோட வந்து ஒக்காருங்கோ. முதல் போட்டோல இந்தத் தாடி வேண்டாம்."

பேசாமல் சலூனுக்குப் போயிருக்கலாம். எனக்குத்தான் எதையும் நேராகச் செய்து பழக்கமில்லையே! ஆபீசில் வேலை இல்லாத நேரத்தில் இன்டர்நெட்டில் மடக்குச் சவரக்கத்தியைப் பற்றிப் படித்துப் படித்துப் பைத்தியம் பிடித்துப் போயிருந்தது. ஜும்மா மசூதிப் பக்கத்து ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழைய கத்தி ஒன்றும் இரண்டு சாணைக்கற்களும் வாங்கினேன். ஒன்று சொரசொரப்பு, இன்னொன்று வழவழப்பு. இனி இதுதான் என்று வீறாப்பாக, வீட்டிலிருந்த ரேஸர் செட்டைக் குப்பையில் போட்டேன்.

கத்தியின் முதுகும் வாயும் ஒருசேரக் கல்லில் படியும்படி கிடத்தித்தான் தேய்க்க வேண்டும். படித்தது அப்படித்தான். ஆனால் அந்த முதுகு பளபளவென்று இருந்தது. அதில் கீறல் விழுந்தால் அழகு போய்விடுமே என்று முதுகை மட்டும் துளி தூக்கிப் பிடித்துத் தேய்த்தேன். யார் கேட்டார்கள் அந்த அழகை? தீட்டி முடித்ததும் இடது முன்கையில் வைத்து இழுத்துப் பார்ப்பேன். ரோமம் வந்தால் சரி, வராவிட்டால் மறுபடியும் கல். மனைவியும் புதிதாய்ப் பிறந்த பெண்ணும் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகும் பால்கனியில் இதே கூத்துதான். என் இடது கை மட்டும் மழமழவென்று ஆகியிருந்தது.

பிரசவத்துக்கு வந்திருந்த மாமியார் திங்கட்கிழமை காலையிலேயே சொன்னார். "மாப்பிள்ளை, நாளைக்குப் புண்ணியாகவாசனம், பேர் வைக்கணும். செவ்வாய்க்கிழமை இந்த ஊர்ல சலூன் கடையே திறக்க மாட்டானாமே. இன்னிக்கே தாடியை எடுத்துண்டு வந்துடுங்கோ."

"கடை எதுக்கு? நானே பார்த்துக்கறேன்" என்றேன். என்ன திமிர்!

அன்று லீவு. மத்தியானம் முழுக்கக் கல்லோடுதான் உட்கார்ந்திருந்தேன். குழந்தை உள்ளே வீல் வீலென்று கத்தியது. மனைவி கதவருகே வந்து நின்றாள். "கொஞ்ச நாழி இவளை வச்சுக்கோங்கோ. குளிச்சுட்டு வந்துடறேன்."

"கையெல்லாம் கல்லுச் சேறு. அம்மாவைக் கூப்பிடேன்."

அவள் குழந்தையோடு திரும்பி உள்ளே போய்விட்டாள். சாயங்காலம் கத்தி ரோமத்தைச் சர்ரென்று வழித்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

செவ்வாய் விடிந்ததும் கத்தரிக்கோலால் தாடியைக் குறைத்து, சோப்புப் போட்டு, வலது கன்னத்தில் கத்தியை வைத்தேன். முதல் இழுப்பு வெண்ணெய். அப்புறம் பிடுங்க ஆரம்பித்தது. முதுகைத் தூக்கித் தீட்டியதில் கத்தியின் வாயோரம் மெல்லிய பிசிறுதான் நின்றிருக்கிறது. அது கை ரோமத்தை வழிக்கும், தாடி முன்னால் மடங்கிவிடும். கண்ணில் நீர் வர வர வலது கன்னத்தை எப்படியோ முடித்தேன். தாடை ஓரத்தில் நன்றாகவே வெட்டிவிட்டது. இடது பக்கம் ஒரு மயிர் நகரவில்லை.

துண்டை முகத்தில் சுற்றிக்கொண்டு ஓடினேன். சலூன் பூட்டு. வேப்பமரத்தடியில் கண்ணாடி மாட்டிச் சவரம் செய்பவரையும் காணோம். டீக்கடைக்காரர் என்னைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "ஆஜ் மங்கள் ஹை, பாயி சாப்." செவ்வாய் என்று எனக்குத் தெரியாதா என்ன! மற்ற கடைகள் திறக்க இன்னும் நேரம் இருந்தது. பக்கத்து வீட்டில் ரேஸர் கேட்கலாமென்றால் அவர் சர்தார்ஜி. மானம் கப்பலேறியது.

திரும்பி வந்தபோது வாத்தியார் மனை போட்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கு அடுத்து இன்னொரு வீட்டில் வேறு ஹோமம் இருந்தது. "நாழியாறது, வாங்கோ" என்றார். ஒரு பக்கம் பிளாஸ்திரி, ஒரு பக்கம் தாடி. ஆபீஸ் நண்பர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். மனைவி என்னை ஒரு தரம் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். பூமி பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது.

மாமியார் குழந்தையை என் மடியில் வைத்தார். வாங்கத் தெரியாமல் வாங்கினேன். தலை ஒரு பக்கம் தொங்கியது.

"ஐயோ, கழுத்து! கழுத்தைத் தாங்கிக்கோங்கோ மாப்பிள்ளை!"

"அவருக்குத் தெரியாதும்மா" என்றாள் மனைவி. கோபமே இல்லை அவள் குரலில். "இன்னிக்குத்தான் முதல் தடவையா எடுத்துக்கறார்."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வீட்டில் பெண் பிறந்து பதினோராம் நாள் அது. வாத்தியார், "ம், வலது காதுல பேரைச் சொல்லுங்கோ" என்றார். குனிந்தேன். குழந்தையின் தலை மறுபடியும் என் கையிலிருந்து சரியப் பார்த்தது.

மனைவி நகர்ந்து வந்து என் கைக்கு அடியில் தன் கையைக் கொடுத்தாள்.

"சொல்லுங்கோ. நான் பிடிச்சுண்டிருக்கேன்."